பொறக்காத புள்ளைக்குத் தொட்டில்

கல்மண்டபத்துப் பக்கம் நாங்க குடியிருந்தப்போ எனக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்து, ரெண்டுமே ஒரு வாரம் தங்கல. மூணாவது வயித்துல இருந்தப்போ தெருவே எனக்குக் காவல். பொறக்கறதுக்கு முன்ன அதுக்குன்னு ஒரு துணிகூட எடுக்கக் கூடாது, கண்ணு பட்டுடும்னாங்க. நானும் எடுக்கல. வயித்தத் தொட்டுப் பாக்கக்கூட எனக்குப் பயம். தை மாசம் பேறுன்னு மருத்துவச்சி சொல்லியிருந்தா.

அப்போ ஆகமன காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமும் சாமியார் ஊதா உடுப்புலதான் பூசை வைப்பார், பீடத்துல பூ கிடையாது. எங்க வூட்டுக்காரர் ஹார்பர்ல மூட்டை இறக்கறவர். வேலை முடிஞ்சதும் நேரா கோயிலுக்குப் போய், ஏசு பொறக்கற மாட்டுக்கொட்டாய் மாதிரி குடில் கட்டுவார். மூங்கில் பொளக்கறதென்ன, வைக்கோல் பரப்பறதென்ன, ஏதோ சொந்தத் தங்கச்சி பேறுகாலத்துக்கு வர்ற மாதிரி அப்படி ஒரு பரபரப்பு மனுஷனுக்கு!

ஒரு நாள் சாயங்காலம் நான் மீன் வாங்கினு வந்தா, வூட்டுக்குள்ள உக்காந்து பெட்டிப் பலகைய அறுத்துகினு இருக்கார்.

"இன்னாய்யா இது?"

"தொட்டில்"னார், தலையக்கூடத் தூக்காம.

எனக்கு வந்துச்சே கோவம்! "யோவ், உனுக்கு மூளை கீதா? இதையும் மண்ணுக்குக் குடுக்கணுமா?"ன்னு கத்தி, பலகையத் தூக்கித் தெருவுல வீசினேன். அக்கம்பக்கமெல்லாம் கூடிடுச்சு.

அவர் போய்ப் பொறுக்கினு வந்தார். "போன ரெண்டு தபாவும் நாம ஒண்ணுமே செய்யலியேமே. அதுங்க தங்குச்சா?"ன்னார். அப்புறம் மெதுவா சொன்னார்: "கோயில்ல குடில் கட்டறோம். வர்றவருக்குப் பின்னால சிலுவை கீதுன்னு தெரியும். தெரிஞ்சுதானே கட்டறோம்? எடம் பண்ணி வைக்கறதுதாம்மே நம்ம கையில கீது. ஒரு நாள் இருந்தாலும் அது நம்ம வூட்டுக்கு வந்த புள்ள."

எத்தினியோ பிரசங்கம் கேட்டிருக்கேன். ஆகமன காலம்னா இன்னான்னு எனக்கு உறைச்சது அன்னிக்குத்தான். காத்திருக்கறதுன்னா பயந்துகினு கையக் கட்டி உக்காந்திருக்கறதுன்னு நெனச்சுகினு இருந்தவ நான். என் பழைய சேலைய எடுத்துத் துண்டு துண்டாக் கிழிச்சு, தொவைச்சு மடிச்சு வெச்சேன். வயித்துல கைய வெச்சு, "வா கண்ணு"ன்னேன். எனக்குத் திமிருன்னு தெருவுல பேசினாங்க. பேசட்டுமே!

தை மாசம் பொண்ணு பொறந்தா, அவர் அடிச்ச தொட்டில்லயே படுத்தா. ஒரு வாரம் தாண்டிச்சு. மறுநாள் காலையில பால் குடிச்சுட்டுப் பெரிய மனுஷி மாதிரி ஏப்பம் விட்டா. நான் சிரிச்சுகினே திரும்பினா, அத்தினி தைரியமாப் பேசின மனுஷன் செவுத்துல சாஞ்சு தேம்பித் தேம்பி அழுதுகினு இருக்கார்.

"இன்னாய்யா ஆச்சு?"ன்னேன்.

"ஒவ்வொரு ஆணியும் பயந்துகினேதாம்மே அடிச்சேன்"னார்.