பிலோமினா அக்காவின் கிணறும் நான் மொழிபெயர்த்த கூட்டங்களும்

மேடை மொழிபெயர்ப்பு என்பது பிறர் சொல்லும் பொய்யை இலக்கணப் பிழையின்றித் திரும்பச் சொல்லும் தொழில். வாயை வாடகைக்கு விட்டுப் பிழைத்த எவருக்கும் இந்த வேதனை புரியும். போர் முடிந்து சனங்கள் மீள்குடியேறிக்கொண்டிருந்த காலத்தில், தேர்தலை முன்னிட்டு அரசாங்கத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடத்த எதிர்க்கட்சிக்காரர் கொழும்பிலிருந்து மன்னாருக்கு வரத் தொடங்கினர். அவர்களுக்குத் தமிழ் வராது. நான் பல்கலைக்கழகத்தில் சிங்களம் படித்தவள். அகப்பட்டேன்.

எத்தனையாவது நிமிடம்

முதற்கூட்டத்தின் முன்வரிசையில் பள்ளிமுனைப் பிலோமினா அக்கா இருந்தார். அவருடைய வீட்டு வளவும் கிணறும் படைமுகாம் வேலிக்குள் சிக்கியிருந்தன. அவர் தங்கை வீட்டு விறாந்தையில் குடியிருந்தார். வளவு எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதைத் தவிர அவருக்கு அரசியலில் வேறு கேள்வி கிடையாது. பேச்சாளரோ அரசியலமைப்பைத் திருத்தினார், பெற்றோல் விலையைக் குறைத்தார், கட்சி மாறிப் போனவர்களைப் பெயர் சொல்லாமல் சபித்தார். எல்லாவற்றையும் பயபக்தியுடன் தமிழாக்கினேன். அரைமணி நேரம் பொறுத்திருந்த அக்கா மேடையருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "பிள்ளை, எங்கட வளவு எத்தினையாம் நிமிசத்தில வருது?"

மன்றாட்டு

கோஷம் எழுப்பும் பொறுப்பை, கத்தோலிக்கக் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் சந்தியோகு அண்ணரிடம் விட்டது என் பிழை. பதவி விலகவேண்டிய அமைச்சர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, சனம் "பதவி விலகு" என்று முழங்கவேண்டும். அவர் வாசித்ததோ புனிதர்களின் மன்றாட்டு மாலை இராகத்தில். மூன்றாவது பெயரில் முழுக் கூட்டமும் கோயில் வழக்கப்படி "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மனமுருகி விடையளித்தது. உயிலங்குளத்திலிருந்து வந்திருந்த சைவ விவசாயிகளும், தனித்துத் தெரியக்கூடாதென்று சேர்ந்துகொண்டார்கள். நான் கடிந்தபோது அண்ணர் சிறிதும் வெட்கப்படவில்லை. "பேர் பேரா வாசிச்சால் சனத்துக்கு வேற என்ன பிள்ளை வாயில வரும்?"

அறிக்கை

ஒவ்வோர் ஆர்ப்பாட்டத்திலும் சாதாரண உடையில் ஒரு புலனாய்வு உத்தியோகத்தர் நின்று படம் எடுத்து, கொப்பியில் குறிப்பும் எழுதுவார். அவரை எல்லாருக்கும் தெரியும்; அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒருநாள் கூச்சத்துடன் என்னிடம் வந்து, பதாகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். வாசித்துச் சொன்னேன், மறைப்பதற்கு எனக்கு எவரும் சம்பளம் தரவில்லை. பிலோமினா அக்காவின் பதாகையில் "என் கிணற்றைத் தாருங்கள்" என்றிருந்தது. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அக்கா அவருடைய கொப்பியருகே போய், தன் முழுப்பெயரையும் வளவின் நான்கு எல்லைகளையும் என் வாயால் சொல்வித்து எழுதவைத்தார். "வடிவா எழுதுங்கோ தம்பி. கச்சேரியில அரசாங்க அதிபருக்குக் குடுத்த கடிதம் ஒண்டும் மேல போகேல்ல; உங்கடையெண்டாலும் போகும்."

ஒரே வசனம்

தேர்தலுக்கு முந்திய கடைசிக் கூட்டம். தலைவர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மைக்கை வாங்கி, "உங்கள் காணிகளைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். சனம் முதன்முறையாக மனமாரக் கைதட்டியது. தலைவர் பூரித்து, இரு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டார். மேடையிலிருந்து இறங்கும்போது சிங்களத்தில் என்னைப் பாராட்டவும் தவறவில்லை: "நான் சொன்னதன் சாரத்தை அப்படியே பிடித்துவிட்டீர்கள்."

கதிரை

தேர்தல் முடிந்து சில வாரங்களில் அக்காவை விசாரணைக்கு முகாமுக்கு வரச்சொன்னார்கள். துணைக்குப் போன என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவருடைய பெயரையும் எல்லைகளையும் சொல்லிக்கொடுத்த வாய் என்னுடையது. ஒரு மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். திருநாளுக்கு உடுத்தும் சேலையின் முந்தானை நனைந்திருந்தது. என்ன கேட்டார்கள் என்று பதறினேன். "என்ர வீட்டு முத்தத்தில கதிரை போட்டு இருத்திப்போட்டு, இந்த வளவில உனக்கென்ன அலுவல் எண்டு கேக்கிறாங்கள். என்ர கிணத்தில அள்ளி முகம் கழுவிப்போட்டுத்தான் பதில் சொன்னனான்."

வளவு இன்னும் வேலிக்குள்தான் இருக்கிறது; ஆயினும் அந்தத் தேர்தலில் நான் மொழிபெயர்த்த அத்தனையிலும் உரிய இடத்தைப் போய்ச் சேர்ந்தவை, ஓர் உளவாளியின் கொப்பிக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்த "என் கிணற்றைத் தாருங்கள்" என்ற மூன்று சொற்கள் மட்டுமே.