குதிகால் கொப்புளம்

வேலம்மாவுக்கு ஒருவரின் முகத்தைவிடக் கால்தான் முதலில் கண்ணில் படும். இருபத்தாறு வருஷமாக மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். ரப்பர் பூட்ஸுக்குள் கால் என்ன பாடுபடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லைன் வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் அவளிடம்தான் காலை நீட்டுவார்கள். "ரெண்டு சாக்ஸ் போடு, ஈரமானா உடனே மாத்து, குதிகால் எரிய ஆரம்பிச்சதுமே பிளாஸ்டர் ஒட்டு" என்பாள். யார் கேட்டார்கள்? கொப்புளம் வந்த பிறகு மேல்தோலை உரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "உரிச்சுட்டு வந்தா நான் என்ன தைச்சா குடுக்க முடியும்? அந்தத் தோலுதான்லா மருந்து" என்று திட்டிக்கொண்டே சோப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுவாள்.

வாய் அப்படி. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அந்த வாய் திறந்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தீமிதி முடிந்த மறுநாள், பின்கதவு வழியாக வருவாள். உள்ளங்காலில் நெருப்புக் கொப்புளம் இருக்கும். அந்தக் கோயிலில் தீ மிதித்தவர் கால் கொப்பளித்தால் விரதம் சுத்தமில்லை என்று பேச்சு வரும். அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வேலம்மா கதவைச் சாத்திவிட்டு, கொப்புளத்தை உடைக்காமல் மருந்துத் துணி சுற்றி அனுப்புவாள். ஒன்பது வருஷமாக இப்படி. ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அதே கோயிலில் கரகம் எடுத்து முதல் ஆளாகப் பூக்குழியில் இறங்குகிறவள் வேலம்மா. கணவன் மணியம் இறந்துபோன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பெருமை அதுதான். வருஷத்தில் அந்த ஒரு நாள் எல்லோரும் அவளுக்கு வழிவிட்டு நிற்பார்கள்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஆறு நாள் முன்பு எஸ்டேட்டில் கொடுத்த புது பூட்ஸ் ஒரு அளவு பெரிது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் தன் காலைக் கவனிக்கவில்லை. வழுக்கி வழுக்கி, குதிகாலின் பின்பக்கம் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்த பாஞ்சாலைதான் பிளாஸ்டர் வாங்கி வந்தாள். "வலிக்குதாக்கா?" என்று கேட்டு, தானே ஒட்டியும் விட்டாள்.

தீமிதி நல்லபடியாக முடிந்தது. வேலம்மாவின் உள்ளங்காலில் ஒரு பொட்டுக் கொப்புளம்கூட இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கோயில் தலைவர் ஆண்டியப்பன் வாசலுக்கு வந்து தரையைப் பார்த்துப் பேசினார். "அடுத்த வருசம் கரகத்த பாஞ்சாலைக்குக் குடுக்கலாம்னு கமிட்டில முடிவாயிருச்சு, வேலம்மா. தப்பா எடுத்துக்காத. ஒன் காலு கொப்பளிச்சிருச்சாமே."

"யாருண்ணே சொன்னது?"

"பாஞ்சாலதான். கண்ணால பாத்தேன்னு சொன்னா."

"அது பூட்ஸு கடிச்சதுண்ணே. நெருப்பு குதிகாலுக்குப் பின்னாலயா வந்து தொடும்?" காலைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் பார்க்கவில்லை. "முடிவாயிருச்சுலா" என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கரகம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டர் ஒட்டிவிட்ட அதே கை காட்டிக்கொடுத்ததே, அதைத்தான் வேலம்மாவால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பின்கதவு தட்டப்பட்டது. பாஞ்சாலை நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து, இந்தத் தடவை மறுநாள் வராமல் தானே சுற்றியிருந்த துணி அதில் ஒட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எஸ்டேட் ஆள் யாராவது பார்ப்பார்கள். வேறு போக்கிடம் இல்லை. தலைவர் தன் பெயரைச் சொல்லியிருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை.

"வலி உயிர் போகுதுக்கா."

"வா, உக்காரு."

வேலம்மா முக்காலியைக் கொண்டுபோய் முன்கதவை ஒட்டி உள்ளே போட்டாள். பாஞ்சாலை உட்கார்ந்ததும் அந்தக் கதவை அகலத் திறந்தாள். வேலை முடிந்து ஆட்கள் லைனுக்குத் திரும்புகிற நேரம்.

"கதவச் சாத்துங்கக்கா."

"வெளிச்சம் வேணும்லா, பாஞ்சாலை. காயம் கண்ணுக்குத் தெரியணும்ல."

பாஞ்சாலை காலை இழுத்தாள். வேலம்மா கணுக்காலை விடவில்லை. ஒட்டிய துணியை நனைத்து நனைத்து எடுத்தாள். கழுவினாள். மருந்து தடவினாள். முதலில் இரண்டு பெண்கள் நின்றார்கள், பிறகு நான்கைந்து பேர். முக்காலியில் இருந்தவளின் உள்ளங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலம்மா அவசரப்படவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்தக் காலுக்கு அவள் அவ்வளவு நிதானமாகக் கட்டுப் போட்டதே இல்லை.