நாலு பேர், ஐந்து ஊர், ஒரு டைம்டேபிள்

பிஸ்கட் டப்பாவையும் தண்ணீர் ஜாடியையும் தரைக்கு இறக்கிவிட்டு, சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டிருக்கிறார் அத்தான். நான்கு தாள்களைப் பின்பக்கமாக ஒட்டி ஒன்றாக்கியிருக்கிறார். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போடும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் யாரும் மேசையைத் தொடக்கூடாது. "மூச்சைக்கூட அந்தப் பக்கமா விடு மாப்பிள்ளை" என்பார்.

என் அக்காவின் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆனால் அங்கே அவருக்கு 'டைம்டேபிள் சார்' என்றுதான் பெயர். முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்திரண்டு வகுப்புகள், ஒரே ஒரு ஆய்வுக்கூடம். யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளாமல் இத்தனையையும் ஒரு தாளில் அடைப்பது பதினேழு வருஷமாக அவர் வேலை. ஒரே பீரியடில் இரண்டு வகுப்புகள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றால் அது 'கிளாஷ்'. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவருக்குப் பல்வலி வந்த மாதிரி முகம் மாறிவிடும். இதையெல்லாம் இனி கம்ப்யூட்டரே போடட்டும் என்று தலைமையாசிரியர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பி.டி. வாத்தியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாதுன்னு அதுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் அத்தான்.

இந்த வருஷம் அந்தத் திறமை வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மூத்தவள் விடுமுறை முடிந்ததும் நர்சிங் படிக்க வெளியூர் விடுதிக்குப் போகிறாள். பெட்டிகூட வாங்கியாயிற்று. "அவ போறதுக்கு முன்னாடி ரயில்ல எங்கயாவது போயிட்டு வரலாங்க. இனிமே நாலு பேரும் எப்ப சேரப் போறோமோ" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான், மறுநாளே அத்தான் ரயில் அட்டவணையும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாள், ஐந்து ஊர்.

இரண்டாவது ஊரில் வண்டி மூன்று நிமிஷம்தான் நிற்குமாம். அதற்கு வீட்டிலேயே ஒத்திகை. ஆளுக்கொரு பெட்டியோடு படுக்கையறையிலிருந்து வாசல்வரை ஓட வேண்டும். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். தேறிட்டீங்க." மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அச்சில் ஏற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிழை பார்க்க என்னைக் கூப்பிட்டார். போனேன். நிஜமாகவே அசந்துவிட்டேன். மேலே வரிசையாக நாட்கள், பக்கவாட்டில் ஒருவர் கீழ் ஒருவராக ஆட்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஆசையைக் கேட்டு எழுதியிருந்தார். முதல் நாள் காலை அக்காவுக்குத் துணிக்கடைத் தெரு, மூத்தவளுக்குப் பெரிய நூலகம், பதினாறு வயதான சின்னவனுக்குப் பழைய ரயில் என்ஜின்கள், இவருக்கு ஆற்றுப்பாலம். மத்தியானச் சாப்பாடு இரண்டு பேட்சாக. யாருக்காவது வயிறு சரியில்லாமல் போனால் அவர் இடத்துக்கு யார் போவது என்பதுகூட ஓரத்தில் இருந்தது. ஐந்து ஊருக்கும் இப்படியே.

"ஒரு கிளாஷ்கூட இல்ல அத்தான்" என்றேன். புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார் மனிதர்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா விரலை வைத்து ஒவ்வொரு நாளாக நகர்ந்து வந்தாள். பதினோரு நாளும் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"இதுல நாம நாலு பேரும் எங்க சேர்ந்திருக்கோம்?"

அத்தான் குனிந்து தேடினார். "ரயில்ல" என்றார்.

"ரயில்ல தூங்கிட்டில்ல இருப்போம்?"

"அப்படி இல்லம்மா. எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல நின்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மிச்சம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் அக்காவின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எவன் சிரிப்பான்?

மூத்தவள்தான் பேசினாள். "நான் அம்மாகூடக் கடைக்கு வரேன்பா. எனக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம். சும்மா கூட நிக்கிறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் வாங்களேன்" என்றாள்.

அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். ரப்பரை எடுத்து, முதல் நாள் காலையில் நாலு பேருக்கும் நடுவே போட்டிருந்த மூன்று கோடுகளையும் ஒவ்வொன்றாக அழித்தார்.