அம்மா போட்ட கையெழுத்து

பிளஸ் ஒன் முதல் நாளே வேதியியல் மிஸ் விதிகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் லேபுக்குள் வரக்கூடாது, ரெக்கார்டு நோட்டில் மாதாமாதம் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அதை மிஸ் பார்த்துவிடக் கூடாதென்று, அம்மாவின் பெயரை நானே ஆங்கிலத்தில் ஸ்டைலாகப் போட்டேன். இரண்டு வருடமும் அப்படித்தான்.

செய்முறைத் தேர்வுக்கு முன் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திடச் சொன்னார்கள். பெருங்களத்தூர் அடுக்குமாடியில் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா வந்தாள்.

"பயப்படாதடி, நான் கத்துக்கினேன். மூணாவது மாடி அக்கா சொல்லிக் குடுத்தாங்கோ."

அழுத்தி அழுத்தி, 'செல்வி' என்று தமிழில் எழுதினாள். மிஸ் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"இது மேட்ச் ஆகலையே. நீங்க நிஜமா இவ அம்மாதானா?"

அம்மா அந்த ஆங்கிலக் கையெழுத்துகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த நோட்டையே பார்த்தேன்.

"இல்ல மிஸ், நான் இவ பெரியம்மா. அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் அவ பேர நான் போட்டேன்."

மிஸ் அந்தப் பெயரை அடித்துவிட்டு, அம்மாவிடமே வாங்கி வரச் சொன்னார். அன்று மாலை அதன் பக்கத்தில் மறுபடி நானே போட்டேன்.

தாம்பரத்தில் கல்லூரி சேர்ந்தபோது விண்ணப்பத்தையும் பேனாவையும் அம்மாவிடம் நீட்டிக் கெஞ்சினேன். அவள் கோபப்படவேயில்லை.

"நீயே போட்டுக்கோ. உன்னுதுதான் அழகா கீது."