நீலச் சேலைப் படம்

பிள்ளைக்காம்பராவின் பாய்களை உதறிக் காயப்போடுவதுதான் சுமித்ராவின் முதல் வேலை. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அறைக்குப் பத்தொன்பது வருடமாக அவள்தான் டீச்சர். பலாங்கொடை மழைக்குப் பாய் காயாது, ஆனாலும் காயப்போடுவாள்.

போன வருடம் இன்னொரு வேலை சேர்ந்தது. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு தானும் நின்று படம் எடுத்து, தோட்டத்தில் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் வெல்பெயார் ஐயா சுதாகரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதுதான் அவள் வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி. மூன்று நாள் தவறினால் வேறு ஆள் போடுவோம் என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்துவிட்டு, பத்து எண்ணுவதற்குள் ஓடிவந்து வரிசையின் ஓரத்தில் மூச்சை அடக்கி நிற்பாள். ஐயா பதிலுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார்.

வருடம் முடிய இருநூற்றுச் சொச்சம் படங்கள். அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம். பிள்ளைகள் மட்டும் வளர்ந்திருந்தார்கள். இதைக் கோத்து வேகமாக ஓட்டினால் சினிமாதானே என்று அவளுக்குத் தோன்றியது. யூடியூப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தாள். போனில் தேடித் தேடிப் பொறுக்க அலுத்து, ஐயாவுக்கு அனுப்பிய வரிசையிலேயே எடுத்துக் கோத்தாள். பூ உதிர விட்டாள். புல்லாங்குழல் சேர்த்தாள். கடைசியில் தங்க எழுத்தில் ‘தயாரிப்பு, இயக்கம்: சுமித்ரா’ என்று போட்டாள். நடிப்பும் அவள்தான், அடக்கம் கருதி அதை விட்டுவிட்டாள்.

ஐயா மேற்பார்வைக்கு வந்த நாளில், பகல் சாப்பாட்டுக்கு வந்த தாய்மாரையும் பிடித்து உட்காரவைத்து, அறையிலிருந்த சின்ன டீவியில் ஓடவிட்டாள். பிள்ளைகள் துள்ளினார்கள், நெளிந்தார்கள், கண்ணெதிரே உயர்ந்தார்கள். ஐயாகூடச் சிரித்தார்.

அப்போது ஷாமிளா கத்தினாள்: “அடியே, எம் புள்ளயப் பாருங்கடி!”

கோயிலில் மொட்டை போட்ட அவள் மகன் டிலுக்ஷனுக்கு, படத்தில் மறுநாளே சுருட்டை முடி வளர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் மீண்டும் மொட்டை.

“என்ன எண்ணெ தேச்சீங்க டீச்சர்? எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் குடுங்க!” என்றாள் ஒருத்தி.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடி முளைத்த நாட்களில் எல்லாம் டீச்சர் அதே மயில்நீலச் சேலையில், அதே புன்னகையோடு நின்றதை ஐயா கவனித்துவிட்டார்.

“திரும்பப் போடுங்க.”

போட்டாள். செய்த களவைத் தானே தொகுத்து, புல்லாங்குழலும் வைத்து மேலதிகாரிக்குத் திரையிட்டவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“பதினொரு நாள் ஒரே படம். எங்க போனீங்க டீச்சர்?”

“இங்கதான் சார் இருந்தேன்.”

“ஆமாங்க ஐயா, நாங்கதானே புள்ளைகள விட்டுட்டுப் போறோம்,” என்றாள் ஷாமிளா. “ஒருநாளும் டீச்சர் இல்லாம இருந்ததில்ல.”

“அப்ப ஏன் பழைய படம்?”

சுமித்ரா சுவரைப் பார்த்தாள். வேலையா, மானமா என்று யோசிக்க அதிக நேரம் இருக்கவில்லை.

“தலைக்கு டை அடிக்கல சார். முன்னுக்கெல்லாம் வெள்ள வெள்ளயாத் தெரிஞ்சிச்சு. அந்தப் படத்துலதான் நான் கொஞ்சம் நல்லா விழுந்திருந்தேன்.”

யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஐயா சிரிக்கவில்லை. பதினொரு தடவையும் பெருவிரல் காட்டியவர் அவர்தானே.

“இதத் தோட்டத்துப் பெரிய துரை பாத்தா என்னைத்தான் கேப்பாரு,” என்று முணுமுணுத்தபடி குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். பேனை நின்றது, பிறகு ஓடியது.

சுமித்ரா எட்டிப் பார்த்தாள். ஆபீஸ் வழக்கப்படி சிங்களத்தில் எழுதியிருந்தார். அவளுக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது.

“சார், வரலன்னு எழுதிறாதீங்க. டை அடிக்கலன்னே எழுதுங்க, பரவால்ல. என்னன்னு சார் எழுதியிருக்கீங்க?”

ஐயா புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கினார். குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.