மஞ்சள் தண்ணி குடித்த வீல் செயார்

போன செவ்வாய்க்கிழமை பதுளை டவுனில் என்னை ஒரு ஆட்டோ இடித்தது.

பயப்படாதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்த வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் கத்தரிக்காய் சம்பல் செய்வது எப்படி என்று போட்டிருப்பார்கள்.

மார்க்கெட் பக்கத்து நடைபாதை உங்களுக்குத் தெரியும். செருப்புக் கடை, குடைக் கடை, பிளாஸ்டிக் வாளிக் கடை. மிச்சமிருக்கிற இடத்தில் நடக்கிறவர்களே சரிந்துதான் போக வேண்டும். மோட்டார் வைத்த வீல் செயார் எப்படிச் சரியும்? அதனால் நான் வீதி ஓரமாகத்தான் போவேன். அன்றைக்குக் கடலைக்காரரிடம் ஒரு சுருள் கடலை வாங்க நிறுத்தினேன். முன்னால் நின்ற ஆட்டோ திடீரென்று பின்னால் வந்தது.

டமார்!

செயார் அரை வட்டம் சுற்றி, விளக்குக் கம்பத்தில் போய்ச் சாய்ந்தது. கடலை எல்லாம் வீதியில். ஆட்டோக்காரர் இறங்கி ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“பரவாயில்லீங்க.”

எது பரவாயில்லை? என்ன உடைந்தது என்று நான் இன்னும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை தானாக வருகிறது. நம்ம ஆட்களுக்கு அது மூச்சு மாதிரி. காலை மிதித்தவருக்கும் பரவாயில்லை, பஸ்ஸில் ஏற்றாமல் போன கண்டக்டருக்கும் பரவாயில்லை, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேரைக் கூப்பிடாமல் விட்ட கணக்கப்பிள்ளைக்கும் பரவாயில்லை.

அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். “தூக்குங்க, தூக்குங்க!” என்று யாரோ கத்த, நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பலசரக்குக் கடை பெஞ்சில் வைத்தார்கள். ஒருவர் சோடா உடைத்தார். ஒரு சிங்கள மாத்தயா என் முழங்காலைத் தடவிப் பார்த்து, “துவால நெத்த மல்லி?” என்றார். காயம் இல்லையே என்றுதான். இல்லை என்றதும் எல்லோருக்கும் பரம சந்தோஷம். “கடவுள் காப்பாத்துனாரு” என்று சொல்லிக் கலைய ஆரம்பித்தார்கள்.

செயார்? அது கம்பத்தடியில், வீதியை மறித்தபடி தனியாக நின்றது. பஸ்கள் அதற்கு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன.

இங்கேதான் எனக்கும் உலகத்துக்கும் ஒரு சின்ன வித்தியாசம். மற்றவர்களுக்கு அது நான் உட்கார்ந்திருந்த சாமான். எனக்கு அது நான்.

இந்த செயார் வந்து ஆறு வருஷம். ஏதோ ஒரு குளிர் நாட்டில் யாரோ ஓட்டி முடித்து, ஒரு சேர்ச் மூலமாக என்னிடம் வந்தது. முதுகில் இன்னும் அந்த நாட்டு ஸ்டிக்கர் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாத மொழி. ஏழாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு அப்படி நிறைய மொழி உண்டு.

அதற்கு முந்தின எட்டு வருஷம் மடுல்சீமையில் ஒரு லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறை. அதற்கும் முன்னால்? நான் நின்ற இடத்தில் நிற்காத ஆள். கொழும்பில் மூட்டை தூக்கினேன், மன்னாரில் மீன் வாடியில் கிடந்தேன், லொறி லொறியாக ஏறி இலங்கையைச் சுற்றினேன். ஒரு நாள் லொறியிலிருந்து மூட்டையோடு விழுந்தேன். முதுகெலும்பு. அவ்வளவுதான் கதை.

அந்த எட்டு வருஷமும் நான் போன இடமெல்லாம் யாராவது ஒருத்தர் முதுகில்தான். நல்ல மனிதர்கள். குறையே சொல்ல மாட்டேன். ஆனால் முதுகில் போகிறவன் வழியில் நிறுத்திக் கடலை வாங்க முடியாது.

இந்த செயாருக்கு இங்கே உதிரிப்பாகம் கிடைக்காது. இது நின்றால் நான் மறுபடி முதுகுக்கு... பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்தபடி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் பெயர் யோகு. முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டம்.

“அண்ணே, கண்ணாடியில பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஆளு நிக்கிற ஒசரத்துல பாத்தேன். நீங்க கீழ இருந்துட்டீங்க.”

அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு நேர்மையான வாக்குமூலம் நான் கேட்டதே இல்லை.

இதற்குள் ட்ரபிக் சார்ஜன் வந்துவிட்டார். செயாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

“இது வாகனமா, ஆளா? வாகனம் என்டா நம்பர் எங்க? ஆள் என்டா காயம் எங்க?”

கூட்டம் திரும்பவும் கூடியது. சைக்கிள் கணக்கில் வரும் என்றார் ஒருவர். தள்ளுவண்டி கணக்கு என்றார் இன்னொருவர். “தள்ளாமலே போகுதே ஐயா” என்று கடலைக்காரர் எனக்காக வாதாடினார். நான், “சேர், இது என் கால்” என்றேன். சார்ஜன் தன் கொப்பியைப் புரட்டினார். கால் உடைந்ததற்கு எந்தப் படிவம் என்று அவருக்கும் தெரியவில்லை போல.

“பேசித் தீர்க்கிறதா, ஸ்டேஷனுக்கு வாறதா?”

யோகு என் காதருகே குனிந்தார். “அண்ணே, ஸ்டேஷனுக்குப் போனா ஆட்டோவப் புடிச்சு வச்சுருவாங்க. ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துறேன்ணே. என் மச்சான் மணி டீ பெக்டரியில மெசின் பாக்குற பிட்டரு. அவரு கைபட்டா எதுவும் நிமிந்துரும். வாங்கண்ணே, நானே கூட்டிட்டுப் போறேன்.”

இரண்டாவது பரவாயில்லை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“வர்றேன் தம்பி. ஆனா முதல்ல நான் பாக்கணும்.”

என்னைத் திரும்ப செயாரில் உட்கார வைத்தார்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். ஆட்டோ நம்பரோடு சேர்த்து ஒன்று. பிறகு ஸ்விட்சைப் போட்டேன். பச்சை விளக்கு. ஜோய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன் – போனது. பின்னால் – வந்தது. அப்பாடா! வலது கால் மிதி வளைந்திருந்தது, கைத்தாங்கியில் ஒரு வெடிப்பு, பின்னாலுள்ள சின்னச் சில்லு கோணல். உயிர் இருக்கிறது. அதையெல்லாம் எழுதிக்கொண்டோம். கடலைக்காரர் சுருள் செய்ய வைத்திருந்த பழைய கொப்பித் தாள்தான் கிடைத்தது. ஒரு பக்கம் யாரோ பிள்ளை போட்ட பிழைக் கணக்கு, டீச்சரின் சிவப்புக் கோடு. மறுபக்கம் எங்கள் ஒப்பந்தம். யோகு கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். சார்ஜன் அதை வாசித்துவிட்டு, நிம்மதியாகப் போனார்.

ஆட்டோவுக்குள் இந்த செயார் நுழையாது. மரக்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பின ஒரு லொறியை யோகு மறித்தார். ஆறு பேர் என்னையும் செயாரையும் சேர்த்துத் தூக்கி மேலே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். முன்னால் ஆட்டோ, பின்னால் நான். தேயிலை மலை வளைந்து வளைந்து ஏறுகிறது. முகத்தில் காற்று. மிச்சமிருந்த முட்டைக்கோவா இலை காலடியில் உருளுகிறது. லொறிப் பின்னால் ஏறி எத்தனை வருஷம்! சும்மா சொல்லக்கூடாது, இடிபட்டது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மணி குறைவாகப் பேசுகிற ஆள். “பெட்டரி வயரக் கழட்டாம நான் கை வைக்க மாட்டேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. யோகுவின் லயத்து வாசலில் என்னை ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டு, கால் மிதியைத் தனியாகக் கழற்றி, சூடு காட்டி நிமிர்த்தினார். சில்லை நேராக்கினார். வெடிப்புக்கு ஒரு தகரப் பட்டை அடித்தார். நாலு மணிக்குள் செயார் பழையபடி. உண்மையில் பழையதைவிட நேராக. ஏறி உட்கார்ந்து வாசலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். லயமே கைதட்டியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

யோகுவின் மனைவி புஷ்பம் ஒரு தட்டோடு வந்தார். கர்ப்பூரம், எலுமிச்சம்பழம், செம்பு நிறைய மஞ்சள் தண்ணி. வண்டி இடிபட்டு வீடு வந்தால் கண்ணேறு போகக் கழிப்புக் கழிக்காமல் விடுவார்களா? ஆட்டோ முகத்தில் மஞ்சள் தண்ணி தெளித்தார். மூன்று சில்லுக்கும் பழம் வைத்தார். யோகு ஆட்டோவை நகர்த்தி நசுக்கினார். எல்லாம் முறைப்படி நடந்தது.

பிறகு புஷ்பம் என் பக்கம் திரும்பினார். செயாரைப் பார்த்தார்.

“அண்ணே, இதுவும் வண்டிதானே? இடிபட்டதுதானே? இத மட்டும் விட்டா நல்லாருக்குமா?”

சொல்லுங்கள், நான் என்ன செய்வேன்? காலையிலிருந்து இருபது பேர், ஒரு சார்ஜன், ஒருத்தர்கூட இதை முறையான வண்டி என்று ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பெண் அதற்கும் ஒரு பங்கு மரியாதை வைத்திருக்கிறார்.

“பரவாயில்ல தங்கச்சி, ஊத்துங்க” என்றேன்.

தெளிப்பார் என்று நினைத்தேன். அவர் மனசு பெரிது. ஒரு செம்பையும் ஊற்றினார். கைத்தாங்கி, ஜோய்ஸ்டிக், என் மடி, எல்லாம் மஞ்சள்.

பச்சை விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. பிறகு அணைந்துவிட்டது.

நான் ஜோய்ஸ்டிக்கைத் தள்ளினேன். ஒன்றும் இல்லை. ஸ்விட்சைத் திரும்பப் போட்டேன். ஒன்றும் இல்லை. கர்ப்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

புஷ்பம் அழ ஆரம்பித்துவிட்டார். யோகு என் முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குந்தினார். “ஏறுங்கண்ணே. வீட்டுக்குள்ள போய் உக்காந்து பேசுவோம்.”

அந்த முதுகைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முதுகு. எட்டு வருஷம் பார்த்த முதுகு.

“பொறுங்க தம்பி. நான் இங்கேயே இருக்கேன். மணி, முதல்ல அந்த வயரக் கழட்டுங்க.”

மணி கழற்றினார். ஜோய்ஸ்டிக் பெட்டியின் நான்கு ஆணியையும் எடுத்தார். உள்ளே சின்ன விரல் அளவுக்குத் தண்ணி, அடியில் மஞ்சள் வண்டல். தோட்டத்து மருந்துக் காம்பராவில் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வந்து, புதுப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். இனி காய வேண்டும். எப்படி? வெயில் இறங்கிவிட்டது. அடுப்புக்கு மேலே தொங்கவிடலாம் என்றார் ஒருவர். பெக்டரியில் ட்ரையரில் போடலாம் என்றார் யோகு.

மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ட்ரையர்ல போட்டா தூளாத்தான் வரும். எந்த கிரேட்னு நீதான் பிரிக்கணும்.”

பிறகு அவரே வழி சொன்னார். பெக்டரி மேல்மாடியில் கொழுந்தை வாட்டுகிற தொட்டி இருக்கிறது. அடியிலிருந்து மிதமான காற்று நிற்காமல் அடிக்கும். இலையைக் கருக்காமல் ஈரத்தை மட்டும் எடுக்கிற காற்று. பெக்டரி ஐயாவிடம் போய்க் கேட்டார். ஐயா சிரித்துவிட்டு, “கொழுந்தோட கலந்துறாம பாத்துக்க” என்றாராம். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

யோகு சும்மா இருக்கவில்லை. “அண்ணே, அந்தத் தாள்ல இதையும் எழுதிருங்க. இடிச்சது நானு, ஊத்துனது அவ. எல்லாம் எங்க தப்புதான்.”

“ஊத்தச் சொன்னது யாரு?”

நான் கொப்பித் தாளை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: ‘ஜோய்ஸ்டிக் – மஞ்சள் தண்ணி. என் சம்மதத்தோடு.’ கையெழுத்தும் போட்டேன். புஷ்பத்துக்கு அதை வாசித்துக் காட்டியபோதுதான் அழுகையை நிறுத்தினார். இரண்டு ரொட்டி அதிகமாகச் சுட்டார்.

அன்றைக்கு அங்கேயே தங்கினேன். உள்ளே போக யோகுவின் முதுகில்தான் ஏறினேன். வேறு வழி? ஆனால் வாசலில் நிறுத்தச் சொல்லி, மலையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நிறுத்தச் சொன்னால் நிற்கிற முதுகும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எட்டு வருஷத்தில் நான்தான் கேட்கவில்லையோ என்னவோ.

காலையில் மணி பெட்டியோடு வந்தார். மாட்டினார். வயரைக் கொடுத்தார். லயத்து ஆட்கள் வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்றார்கள். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

சிவப்பு. பிறகு மஞ்சள் – “ஐயோ, மறுபடி மஞ்சளா!” என்று யாரோ. பிறகு... பச்சை!

ஜோய்ஸ்டிக்கைத் தள்ளினேன். போனது. இன்றைக்கும் மூக்கை அதனருகே கொண்டுபோனால் பச்சைக் கொழுந்து வாசம் வருகிறது.

சந்தோஷத்தில் புஷ்பம் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “வேணாம்!” என்று முழு லயமும் ஒரே குரலில் கத்தியது. நான்தான் எல்லோரிலும் சத்தமாகக் கத்தியிருப்பேன். பரவாயில்லை என்று சொல்லாமல், வேண்டாம் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அநேகமாக இதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. யாரும் கோபிக்கவில்லை. புஷ்பம் சிரித்துக்கொண்டே தேங்காயைச் சம்பலுக்குத் திருவினார்.

ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் மூன்று மிளகாயையும் நூலில் கோத்து, செயாரின் பின்பக்கம் கட்டிவிட்டார். “தண்ணியே இல்லண்ணே. காஞ்சதுதான்.” நான் கையைப் பின்னால் விட்டு, பழத்தைத் தொட்டுப் பார்த்து, அது எங்கே உரசும் எங்கே உரசாது என்று சரிபார்த்துவிட்டு, “இது இருக்கட்டும்” என்றேன்.

அது இன்னும் தொங்குகிறது. நேற்று மார்க்கெட்டில் பின்னால் வந்த ஒரு ஆட்டோ, வழி விடச் சொல்லி எனக்கு ஹோர்ன் அடித்தது.

சார்ஜன் கவனிக்க: வாகனம்தான்.