டோரீனின் பிரேக்கில் கை வைத்தது யார்

டோரீன் நோஸ்கி யாரையும் நம்பமாட்டாள். பேக்கரியில் வாங்கிய பன்னைக்கூட அங்கேயே பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். அடிலெய்டு பக்கம், மரே ஆற்றுக்குக் கிழக்கே, எங்கள் கோதுமை ஊரில், பதினொரு வருடமாகத் தபால் வண்டி ஓட்டுகிறவள். புருஷன் லெஸ் செத்த மாதமே அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஐந்து நாள், நூற்றுப் பன்னிரண்டு பண்ணைகள். பழைய பால் கேன், கதவு போன பிரிட்ஜ் என்று எதையெல்லாம் எங்கள் ஆட்கள் தபால் பெட்டியாக நட்டு வைத்திருக்கிறார்களோ அத்தனையின் முன்னாலும் நின்று நின்று போகவேண்டும்.

ஊரில் இருக்கிற ஒரே ஒர்க்‌ஷாப் என்னுடையது. என்னையும் அவள் நம்பியதில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டாள். காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது என்று பெருமை வேறு. முப்பது வயது எஞ்சின் ஆயில் குடிக்காதாம்! புளுகுகிறாள் என்று நானும் மனசுக்குள் வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. சக்கரங்கள் பிடித்துக்கொண்டு, கருகல் நாற்றம். ஐம்பது வீட்டுக்குத் தபால் போகவில்லை. இன்னொரு நாள் தவறினால் ஒப்பந்தம் கையைவிட்டுப் போய்விடும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சாயங்காலமே போன் வந்துவிட்டது. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

சனிக்கிழமை காலை, சூடு ஆறிய வண்டியை மெல்ல என்னிடம் ஓட்டிவந்து, டிரம்மில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"ரெண்டு வாரம் முன்னாடி நீதான் கழட்டின நெவில். அதுக்கப்புறந்தான் இது வந்துச்சு."

"கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதுன்னு நீதான் கொண்டுவந்த. தேஞ்ச பிரேக் பேடை மாத்துனேன். அது தப்பா?"

"மாத்துனியா, இல்ல மாத்துனேன்னு சொன்னியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பிரேக் விஷயத்தில் கோபத்தோடு கை வைக்கக்கூடாது. தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்து, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கொண்டுபோனேன். ஒன்று மட்டும் சுட்டால் கோளாறு அந்தச் சக்கரத்தில். நாலும் சுட்டது. அப்படியென்றால் கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்தில், பானட்டுக்குக் கீழே.

ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரம் அசையவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் எண்ணெயை வெளியே விடுகிற நிப்பிளைத் தளர்த்தினேன். எண்ணெய் பீச்சியடித்தது, சக்கரம் சுற்றியது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அழுத்தம் திரும்பிப் போகாமல் உள்ளேயே நிற்கிறது. பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர், பன் மாதிரி உப்பிப்போய்த் திரும்பப் பொருந்தவே இல்லை. ஜாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதில் அந்த எண்ணெயைக் கொஞ்சம் விட்டேன். பிரேக் எண்ணெய் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இதில் பாதி மேலே மிதந்தது.

"யாரோ டிராக்டர் எண்ணெய் ஊத்தியிருக்கான்," என்றேன். "உள்ள இருக்கிற ரப்பர் எல்லாம் வீங்கி வழிய அடைச்சிருச்சு. ஒண்ணுவிடாம மாத்தணும். சாமான் அடிலெய்டுல இருந்து புதன்கிழமைதான் வரும்."

டோரீன் எழுந்து நின்றாள். முகத்தில் பயத்தைவிட வெற்றிதான் அதிகம் தெரிந்தது. "நான் சொன்னேன்ல? எவனோ என் வண்டிய நோண்டுறான். சீட்டுக்குப் பக்கத்துல கைரேக பாத்தேன். பானட்டுல தூசி கலஞ்சிருந்துச்சு. ஊரே என்னைப் பைத்தியம்னு சிரிச்சீங்க."

இந்த ஊரில் டிராக்டர் எண்ணெய் டிரம் இல்லாத கொட்டகையே இல்லை. அதனால் எல்லோர் மேலும் சந்தேகப்படலாம். ஆனால் அவள் ஒருத்தனைத்தான் சொன்னாள்: பக்கத்துப் பண்ணை வெர்ன் ஷிர்மர். இந்தத் தபால் ஒப்பந்தத்துக்கு அந்தக் காலத்தில் அவனும் மனுப் போட்டிருந்தான். உண்மையைச் சொன்னால், நானும் அவனைத்தான் நினைத்தேன்.

"போலீசுக்குப் போலாம்," என்றாள்.

"கையும் களவுமா பிடிச்சிட்டுப் போலாம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரே இருக்கிற சர்ச்சுக்கு வரும்போது அவள் எப்போதும் என் ஒர்க்‌ஷாப் சுவரோரம்தான் நிறுத்துவாள்; ஊருக்குள் அவள் கண் படாமல் வண்டி நிற்பது அந்த ஒரு மணி நேரம்தான். நிப்பிள்களைத் தளர்த்தி விட்டு, நாங்கள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளியே அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். மறுநாள் பாட்டு ஆரம்பித்ததும் இருவரும் சர்ச் ஜன்னலோரத்தில் நின்றோம். இரண்டாவது பாட்டில் வெர்ன் வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கையில் ஒரு கேன். பழகிய கையால் பானட்டைத் திறந்தான்.

டோரீன் பாட்டுப் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால்.

"என்னடா பண்ற?"

வெர்ன் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற குச்சியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். திருடன் மாதிரி விழிப்பான் என்று பார்த்தேன். வெட்கப்பட்டான்.

"ஆயில் பாக்குறேன். தண்ணி பாக்குறேன்."

"எத்தன நாளா?"

"லெஸ் போனதுல இருந்து. ஆஸ்பத்திரில வச்சு என் கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டான். நீ யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டியாம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

நான்தான் கேட்டேன்: "பிரேக் குப்பியில என்ன ஊத்துன?"

"போன மாசம் எறங்கியிருந்துச்சு. கையில இருந்தத ஊத்துனேன். எண்ணெய்தானே?"

பேட் தேய்ந்தால் குப்பியில் எண்ணெய் இறங்கத்தான் செய்யும். அவன் ஊற்றிய எண்ணெய் என்ன செய்தது என்று சொன்னேன். வெர்ன் கேனைக் கீழே வைத்தான். "நான் உன்னைக் கொன்னிருப்பேன் டோரீன்," என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை; கையும் களவுமாகப் பிடித்துப் போலீசுக்குப் போகலாம் என்றவன் நான்தானே.

டோரீன் பானட்டை மூடினாள். பிறகு, "லெஸ் என்னைப் பத்தி அவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்தானா," என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

திங்கள் காலை வெர்ன் தன் பிக்கப் வண்டியை அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். புதன்வரை வைத்துக்கொள் என்றான். தபால் மூட்டைகளை ஏற்றிக் கொடுக்க நானும் போயிருந்தேன். டோரீன் நேரே போய் பானட்டைத் திறந்தாள். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். பிரேக் குப்பியைத் திறந்து, விரலை விட்டு, மோந்து பார்த்தாள். அவன் எதிரிலேயே. அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

"எங்க போற? ஏறு."

"நானா? எதுக்கு?"

"உன்னத் தனியா விட்டுட்டுப் போனா இன்னும் எவ வண்டியில எத ஊத்துவியோ. ஏறுடா. எனக்கு முழங்கால் வலிக்குது. பண்ணைக் கதவெல்லாம் நீதான் எறங்கித் தொறக்கணும்."